மகனுக்கு 21 ஆகப்போகிறது, டெபுட்டி விண்ணப்பம் செய்தவர்கள் யாராவது?

வணக்கம். என் மகனுக்கு ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. வரும் மார்ச்சில் 21 வயது. அதுக்கப்புறம் பெற்றோர் என்ற முறையில் அவன் பணம், சிகிச்சை விஷயத்தில் நாங்கள் முடிவெடுக்க முடியாது, சிங்கப்பூரின் மெண்டல் கெபாசிட்டி (மனத்திறன்) சட்டப்படி குடும்ப நீதிமன்றத்தில் டெபுட்டியாக, அதாவது அவனுக்காக முடிவெடுக்க நீதிமன்றம் நியமிக்கும் ஆளாக, அனுமதி வாங்க வேண்டும் என்று போன வாரம் பேங்க் கவுன்டரில்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் தெரபி, பள்ளி என்று ஓடியதில் இதை யோசிக்கவே இல்லை. மாமியார் இன்னும் நம்பவில்லை, "பெத்தவங்களுக்கு எதுக்கு கோர்ட்டு அனுமதி?" என்கிறார்.

வக்கீல் இல்லாமல் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கோர்ட்டுக்குக் கொடுக்கும் டாக்டர் ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு நாள், எவ்வளவு செலவு? எங்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள மகளையும் இப்போதே சேர்க்கலாமா, இல்லை 24 வயதுப் பெண்மேல் பாரம் ஏற்றுவதா, எனக்கே குழப்பம்.

அப்புறம், 2008-இல் தொடங்கிய ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனியில் டிரஸ்ட் (பிள்ளைக்காகப் பணத்தை ஒப்படைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு), நம் காலத்துக்குப் பிறகு சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணம் மாதாமாதம் பிள்ளைக்குப் போகும் சேமிப்புத் திட்டம், இரண்டில் எதை முதலில் செய்தீர்கள்? வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், சிபிஎஃப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை.

தமிழில் விளக்கிச் சொல்லும் சமூக சேவகர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல்தான் பதில் போட முடியும், அவன் தூங்கின பிறகு.