ஈஆர் கேள்வி தப்புன்னு வருது, ஆன்சர் கீ தப்பா? அவசரம்

தூங்காதவன்: நாளைக்கு காலைல டெஸ்ட், ப்ளீஸ் யாராவது சொல்லுங்க. எந்த செல்லுல ஈஆர் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், செல்லுக்குள்ள இருக்குற சவ்வு வலை) அதிகம்னு கேள்வி. ஹார்மோன் சுரக்குற செல்லுல ஈஆர் அதிகம்னு படிச்சேன், அதனால கணையம் போட்டேன், கீல லெய்டிக் செல்னு (விந்தகத்துல டெஸ்டோஸ்டிரோன் சுரக்குறது) இருக்கு, ரெண்டுமே ஹார்மோன் தானே??

கவிநிலா: ரஃப் ஈஆரா (ரைபோசோம் ஒட்டினது) ஸ்மூத்தா (ஒட்டாதது)? ஆப்ஷன் நாலையும் போடுங்க.

மாத்திரை: ஸ்மூத்னா கண்ணை மூடிட்டு கல்லீரல். மருந்து, சாராயம்னு எது உள்ள போனாலும் முறிக்கிறது அங்கதான். ஃபீனோபார்பிட்டால்னு வலிப்பு மருந்து தொடர்ந்து குடுத்தா கல்லீரல் செல்லுல ஸ்மூத் ஈஆர் பெருகிடும், நிறுத்தினா குறைஞ்சிடும்.

கவிநிலா: கல்லீரல் ஆப்ஷன்ல இருக்கான்னே தெரியலையே..

பழையபுலி: பதினொன்னாம் வகுப்பு பாடத்தை ஒருவாட்டி ஒழுங்கா வாசிச்சிருந்தா இந்த இழையே வந்திருக்காது. முதல்ல ஈஆரை எண்டோபிளாச வலைன்னு தமிழ்ல எழுதப் பழகுங்க.

பனங்காய்: அது எங்க தமிழ்? நாங்கள் படிச்சது அகமுதலுருச் சிறுவலை.

பழையபுலி: யாரும் சொல்லாத சொல்.

பனங்காய்: நீங்கள் சொல்றேல்ல, நாங்கள் சொல்றம். லத்தீனில ரெட்டிகுலம் எண்டாலே சின்ன வலைதான்.

பழையபுலி: 'அகம்' இடிக்குதே? 1945ல போர்ட்டர், கிளாட், ஃபுல்லம் மூணு பேரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப வலை செல்லோட உள்பக்கம் மட்டும் இருக்குற மாதிரி தெரிஞ்சுது, ஆனா அது ஓரம் வரைக்கும் போகும்.

பனங்காய்: அப்ப உள்ளுக்கு எண்டு பொருள்படுற 'எண்டோ'வும் அதே பிழைதானே ஐயா?

தூங்காதவன்: சாரி சாப்பிட போயிட்டேன். ஸ்மூத்னு தான் கேட்ருக்கு, கவனிக்கல. கணையம், பிளாஸ்மா செல், லெய்டிக், முதிர்ந்த சிவப்பணு.

கவிநிலா: அப்ப கீ சரி. ஹார்மோனான்னு பாக்காதீங்க, அது எதால ஆனதுன்னு பாருங்க. இன்சுலின் புரதம், ரஃப் ஈஆர் மேல ஒட்டிட்டு இருக்குற, புரதம் செய்யுற ரைபோசோம் அதை நெய்ய நெய்ய இழை உள்ள இறங்கி மடிஞ்சு, சின்ன சவ்வுப் பைல ஏறி கால்கி உறுப்பு வழியா வெளிய போகுது, கணையத்துல செரிமான நொதிக்கும் இதே பாதைதான். பிளாஸ்மா செல் ஆன்டிபாடி செய்யுது, அதுவும் புரதம். டெஸ்டோஸ்டிரோன் அப்படியில்ல, கொலஸ்ட்ரால்ல இருந்து வர்ற ஸ்டீராய்டு, அந்த வேலைக்கான நொதிங்க நிறைய ஸ்மூத் ஈஆர் சவ்வுல இருக்கு. முதிர்ந்த சிவப்பணுல ஈஆரே கிடையாது.

தூங்காதவன்: ஓஓ சரி சரி. அப்ப அட்ரீனல் சுரப்பி?

கவிநிலா: புறணியா உள்பகுதியா?

கவிநிலா: இருக்கீங்களா?

மாத்திரை: தூங்கிட்டாரு போல. இருந்தாலும் கல்லீரல் ஆப்ஷன்ல குடுத்திருக்கணும்.