ஜிப்மரில் பிறந்த பையன், கடலூர் முகவரி: அப்போஸ்டில் எங்கே?

மஞ்சக்குப்பம்காரி:
வணக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், நானும் பையனும் போகப்போகிறோம். பையன் பர்த் சர்டிபிகேட், அப்புறம் அங்கே டீச்சர் வேலை தேடலாம் என்று என் அண்ணாமலை பல்கலைக்கழக டிகிரி, இரண்டுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை வேண்டும். பையன் பிறந்தது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில், சர்டிபிகேட் கொடுத்தது உழவர்கரை நகராட்சி. ஏஜென்ட் ஒருவர் இரண்டையுமே சென்னையில் முடித்து, டெல்லியில் எம்பசி ஸ்டாம்பும் வாங்க வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் கடலூர்தான். அவர் சொல்வது சரியா?

கெடிலக்கரை:
உங்கள் முகவரியை யாரும் பார்க்க மாட்டார்கள் மேடம், பேப்பரை எந்த அரசு கொடுத்தது என்பதுதான் கணக்கு. டிகிரி தமிழ்நாட்டுப் பேப்பர், அதனால் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை. உழவர்கரை சர்டிபிகேட்டுக்குப் புதுச்சேரி அரசு பக்கம்தான் போக வேண்டும், சென்னையில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். நம் ஊரில் பாதிப் பேர் பிரசவத்துக்குப் பாண்டி போகிறோம், ஆனால் இந்த விஷயம் விசா நேரத்தில்தான் தெரியவருகிறது. மாநில முத்திரை விழுந்த பிறகு இரண்டுமே வெளியுறவுத் துறைக்கு. 2019 முதல் சென்னையிலேயே அப்போஸ்டில் போடுகிறார்கள், டெல்லிக்கு அனுப்பத் தேவையில்லை. ஆனால் நாமே நேரில் நீட்ட முடியாது, துறை நியமித்த ஏஜென்சி வழியாகத்தான்.

பாண்டி_மச்சான்:
துபாய் போன என் தங்கச்சிக்கு எம்பசி ஸ்டாம்ப் கட்டாயம் என்றார்களே? அது இல்லாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கெடிலக்கரை:
துபாய் வேறு, மஸ்கட் வேறு மச்சான். ஐக்கிய அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை, அங்கே தூதரக முத்திரை வேண்டும். ஓமன் 2012 முதல் உள்ளே இருக்கிறது, இந்தியா 2005 முதல். அப்போஸ்டில் போதும். சவூதிகூட 2022 கடைசியில் வந்துவிட்டது, பல ஏஜென்ட்டுகள் இன்னும் பழைய ரேட் கார்டையே வைத்துக்கொண்டு வளைகுடா என்றாலே எம்பசி என்கிறார்கள். அப்போஸ்டில் அரசுக் கட்டணம் ஒரு பேப்பருக்கு வெறும் 50 ரூபாய், அதற்கு மேல் ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ். மீதி எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்காரி:
ரொம்ப நன்றி சார். டிகிரியை லேமினேட் செய்திருக்கிறேன், பரவாயில்லையா?

லாஸ்பேட்டை அக்கா:
பரவாயில்லை என்று சொல்ல முடியாதும்மா. அப்போஸ்டில் ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டுவார்கள், லேமினேஷன் மேல் ஒட்ட மாட்டார்கள். நீங்களே உரிக்கப் போனால் எழுத்து போய்விடும், பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேளுங்கள், அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் முதலில் இதை ஆரம்பியுங்கள். பர்த் சர்டிபிகேட்டில் பையன் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆண் குழந்தை என்று மட்டும் பதிந்து அப்படியே விட்டவர்கள் நிறைய. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிவாகவும் இதில் இனிஷியலாகவும் இருந்தால் முத்திரைக்கு முன்பே நகராட்சியில் சரி செய்துவிடுங்கள், முத்திரை விழுந்த பிறகு திருத்தினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.