மீனாட்சி: மீன் + ஆட்சியா, மீன + அக்ஷியா?

மாடக்குளத்தான்:
மீனாட்சி வடமொழிப் பெயர் என்று வேறோர் இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். ஏற்க முடியாது. மீன் பாண்டியர் கொடி. அந்தக் கொடிக்குக் கீழ் ஆண்டவள் மீனாட்சி. மீன் + ஆட்சி = மீனாட்சி, 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற விதிப்படி ஒரு குறையும் இல்லை. பாண்டிய நாட்டைப் பெண்ணொருத்தி ஆண்டதாகக் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸின் குறிப்பே இருக்கிறது. அக்ஷி எங்கிருந்து வந்தது?

பகுபதம்:
புணர்ச்சி சரிதான். ஆனால் புணர்ச்சி சரியாக இருப்பதாலேயே பிரிப்பு சரியாகிவிடாது. காஞ்சியில் காமாட்சி, காசியில் விசாலாட்சி, நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி. எல்லாவற்றிலும் ஈறு ஒன்றுதான். அக்ஷி என்றால் வடமொழியில் கண். 'கண்' என்று வைத்தால் நான்கும் பொருந்துகின்றன: விசாலாட்சி அகன்ற கண்ணாள், நீலாயதாட்சி கருநீல நெடுங்கண்ணாள். 'ஆட்சி' என்று வைத்தால் நீலாயதாட்சியை என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. ஆட்சி என்பது ஆள் + சி, தொழிற்பெயர். மாட்சி, மீட்சி, காட்சி மாதிரி. அது ஆளும் செயலைக் குறிக்கும், ஆள்பவளை அல்ல. பெண்ணைக் குறிக்கத் தமிழ் பயன்படுத்தும் ஈறு 'ஆட்டி': சீமாட்டி, மூதாட்டி, பெருமாட்டி. நீங்கள் சொல்லும் பொருளில் பெயர் பிறந்திருந்தால் அது மீனாட்டி ஆகியிருக்கும்.

மெகஸ்தனிஸ் எழுதியதாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் ஆரியன் (Arrian) எடுத்துத் தருவதில் வரும் பெயர் பாண்டையா. ஹெராக்ளிஸின் மகள் என்கிறார். மீனும் இல்லை, கண்ணும் இல்லை. பெண் ஆண்டாள் என்பதற்கு வேண்டுமானால் அதைக் காட்டுங்கள், பெயருக்குக் காட்டாதீர்கள்.

மாடக்குளத்தான்:
மீனாட்டி வாதத்துக்கு உடனே பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் தமிழ்ச்சொல் தானே? அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்வீர்களா?

பகுபதம்:
அதை ஏன் விடவேண்டும்? ரிக்வேதம் மீனுக்குச் சொல்வது 'மத்ஸ்ய'. 'மீன' பின்னால் வந்த நூல்களில்தான் தலைகாட்டுகிறது. கன்னடம், தெலுங்கு தொடங்கி கோண்டி, மால்தோ வரை திராவிட மொழிகளில் இதே வேர் இருக்கிறது. அதனால் வடமொழி 'மீன' திராவிடக் கடன் என்பதே மொழியியலார் பலரின் கருத்து. ஆக, பெயரின் முன்பாதி நம்மிடமிருந்து போன சொல், பின்பாதி அவர்களுடையது, ஒட்டியதும் அவர்கள் விதிப்படி (அ + அ = ஆ). இதைத் தூய தமிழ் என்பதும் தவறு, தமிழுக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் தவறு.

'ட்சி'யையும் கவனியுங்கள். சொல் நடுவில் வரும் க்ஷ இரட்டைக் ககரமாகும் என்பது நன்னூல் விதி: பக்ஷம் பக்கம், லக்ஷணம் இலக்கணம். அப்படிப் பார்த்தால் மீனாக்கி என்று வந்திருக்க வேண்டும். 'ட்ச' ஒலி (பட்சி, சாட்சி) பிற்கால வழக்கு. இன்றைய வடிவத்தை வைத்துப் பழைய பொருளைத் தேடுவதுதான் சிக்கலே.

ஆலவாய்க்கிளி:
மீனாட்சியின் மற்றொரு பெயரான அங்கயற்கண்ணியை இருவரும் மறந்துவிட்டீர்கள். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் 'மங்கையர்க்கரசி' பதிகத்தில் 'அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே' என்கிறார். அம் + கயல் + கண் + இ. அழகிய கயல் போன்ற கண்ணுடையவள். மகரம் ககரத்துக்கு இனமான ஙகரமானது, லகரம் வல்லினத்தின் முன் றகரமானது. பொருள் மீனாட்சியின் பொருளேதான். பெயரின் மையம் கண் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று என்ன வேண்டும்?

மீன் என்றால் விண்மீனும்தானே, நட்சத்திரக் கண்ணாள் என்று கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். புறநானூறு 122இல் வரும் 'வடமீன்' அருந்ததிதான், உண்மை. ஆனால் கயலுக்கு அந்த இரட்டைப் பொருள் கிடையாது. கயல் நீரில் கிடக்கும் மீன்தான்.

மாடக்குளத்தான்:
அப்படியானால் மீனாட்சி என்பது அங்கயற்கண்ணியின் மொழிபெயர்ப்பு என்று எழுதிவிடலாமா?

ஆலவாய்க்கிளி:
அவசரப்படாதீர்கள். பாட்டில் எது வந்திருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியும். வழக்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாம். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலில் அவளைத் தடாதகை என்கிறார், அது மூன்றாவது பெயர்.

ஏன் மீன் என்பதற்கு வடிவ ஒப்புமை போதும் என்பது என் கட்சி. மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும், அதுபோல் பார்வையாலேயே அருள்பவள் என்ற விளக்கம் சைவத்தில் நயன தீட்சைக்கு, அதாவது குரு பார்வையால் தரும் தீட்சைக்குச் சொல்லும் உவமையிலிருந்து வந்தது (பறவை பரிசத்தால், அதாவது தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைவால்). தத்துவத்துக்கு அழகு, உயிரியலுக்கு ஆகாது. மீனுக்கு இமையில்லை, அதனால் உறங்காமல் காப்பவள் என்பதாவது மீனைப் பார்த்துச் சொன்னது.

ஏட்டுச்சுவடி:
குழந்தைக்கு இந்தப் பெயரை வைக்க நினைப்பவர்களுக்காக நடைமுறையில் ஒன்று. அங்கயற்கண்ணி ஆங்கிலத்தில் 12 எழுத்து. ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழில் தட்டும்போதுதான் பெயர் கெடும். அங்கே ற, ர இரண்டுக்கும் ஒரே எழுத்து, ண, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. 'அங்கயர்கண்ணி' என்று வந்தால் கண் அயர்ந்துவிட்டது. 'அங்கயற்கன்னி' என்றால் கண்ணே போய்க் கன்னி வந்துவிட்டாள். மீனாட்சிக்கு நேர்மாறான தொல்லை: தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் 'க்ஷி' என்றும் 'ட்சி' என்றும் இரண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் கடவுச்சீட்டில் மற்றொன்றும் ஏறினால் அலைச்சல்தான்.

பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. அந்தப் படிவத்தில் தமிழ் எழுத்துகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். அச்சானதும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'அங்கையற்கண்ணி' என்ற பிழையும் நிறையப் புழங்குகிறது. அங்கை என்றால் உள்ளங்கை.

பகுபதம்:
கடைசியில் சொன்னதை மறுக்கிறேன். அது பிழையல்ல, இலக்கணம் 'போலி' என்று ஏற்கும் எழுத்து மாற்றம். 'அ ஐ முதலிடை ஒக்கும் சஞயமுன்', நன்னூல் 123. யகரத்துக்கு முன் அகரமும் ஐகாரமும் மாறி வரலாம். மயல் மையல் ஆவதுபோல் கயல் கையல்.

ஏட்டுச்சுவடி:
விதி இடம் கொடுக்கிறது, சரி. படிப்பவர் 'அங்கை அற்ற' என்று பிரித்துவிட்டுச் சிரிப்பாரே, அதற்கு விதி உண்டா? தேவாரப் பாடம் அங்கயல்.

பகுபதம்:
தவறாகப் பிரிப்பவருக்காக எழுத்தை மாற்ற ஆரம்பித்தால் மாடக்குளத்தாரின் 'மீன் + ஆட்சி'க்காக மீனாட்சியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மாடக்குளத்தான்:
என்னை ஏனய்யா மறுபடி இழுக்கிறீர்கள். மீனாட்டியை எங்காவது கல்வெட்டில் பார்த்தால் வருகிறேன்.