யூகான் ஹஸ்கீஸ் 2024-25: மௌயியில் வெளுத்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

கூடைமுனை:
யூகான் ஹஸ்கீஸ், அதாவது அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி, 2023, 2024 என இரண்டு வருடம் தொடர்ந்து கல்லூரி சாம்பியன். 2024-25 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களிலும் 30 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வெற்றி. ஆனால் எதிரில் நின்றவர்கள் சிறிய அணிகள்: சேக்ரட் ஹார்ட், நியூ ஹாம்ப்ஷயர், லெ மொய்ன், ஈஸ்ட் டெக்சாஸ் ஏ அண்ட் எம். இந்த ஸ்கோர்களை வைத்து டிஃபென்ஸை எடை போட முடியாது. நவம்பர் 25 முதல் 27 வரை ஹவாயின் மௌயி தீவில் நடந்த போட்டியில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி: மெம்ஃபிஸிடம் ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) 99-97, கொலராடோவிடம் 73-72, டேட்டனிடம் 85-67. ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடத்திலிருந்து 25க்கு இறங்கினார்கள்.

பாக்ஸ்ஸ்கோர்_வாசகன்:
மெம்ஃபிஸ் ஆட்டத்தில் எல்லோரும் யூகான் கோச் ஹர்லிக்கு விழுந்த டெக்னிக்கலையே (நடத்தைக்காகத் தரும் ஃபவுல்) பேசுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஓவர்டைமில் 40.3 வினாடி மீதி, ஸ்கோர் 92-92. தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிக்கும்போது (ரிபவுண்ட்) யூகானின் மெக்நீலி ஃபவுல் செய்ததாகத் தீர்ப்பு. அதற்கு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஒரு புள்ளி ஷாட்) இரண்டு. கோச் தரையில் விழுந்து எதிர்ப்புக் காட்டியதற்கு இன்னும் இரண்டு. மெம்ஃபிஸின் பி.ஜே. கார்ட்டர் நான்கையும் போட்டார், 96-92. கடைசி வித்தியாசம் 2 புள்ளி என்பதால் பழி முழுக்க கோச் தலையில் விழுகிறது.

மூன்றடி_கோடு:
கோச் செய்தது தப்புத்தான் சார், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்துக்கு முன்பே எதிரணிக்கு 92 புள்ளி போயிருந்ததே, அதைப் பார்க்க வேண்டாமா? 2023-24 சீசனில் 7 அடி 2 அங்குல சென்டர் கிளிங்கன் ரிங் அருகிலேயே பின்வாங்கி நிற்பார். எதிரணி ஆள் ஒருவர் வழியை மறித்து நிற்பதுதான் ஸ்கிரீன்; கார்ட் (வெளிவட்டத்தில் ஆடுபவர்) அதைச் சுற்றித் துரத்தி வந்தால் போதும், பந்து வைத்திருப்பவருக்கு நடுத்தூர ஷாட் ஒன்றுதான் மிஞ்சும். 2024-25இல் சென்டர் சாம்சன் ஜான்சன், 6 அடி 10 அங்குலம். கால் வேகம் உண்டு, அதனால் ஸ்கிரீன் வரை ஏறி வந்து தடுத்தார். கார்ட் ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டால் பின்னால் ரிங் காலி. மறுபக்கத்திலிருந்து உதவிக்கு ஓடி வருபவர் அரை அடி தாமதித்தாலும் ஒன்று கையில் அடிப்பார், இல்லை மூலையில் ஆளைத் தனியாக விட்டிருப்பார். அங்கே பந்து போனால் மூன்று புள்ளி.

2023-24இன் கார்ட்கள் காஸில், நியூட்டன், ஸ்பென்சரும் போய்விட்டார்கள். முதல் தடுப்பே அவர்களாகத்தான் இருந்தார்கள். கிளிங்கனின் பிளாக்குகளையே பேசிக்கொண்டு இதை மறந்துவிடுகிறோம்.

பாக்ஸ்ஸ்கோர்_வாசகன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபவுல் தொல்லை எப்படிப் பெருகுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் அணியின் 7ஆவது ஃபவுலிலிருந்து ஒன்-அண்ட்-ஒன். முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். 10ஆவதிலிருந்து நேராக இரண்டு. பத்து நிமிடத்துக்குள் ஏழைத் தொட்டுவிட்டால், மீதிப் பத்து நிமிடமும் எதிரணி ஷாட் போடத் தேவையில்லை, உள்ளே நுழைந்தாலே போதும். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிய சென்டரைப் பெரும்பாலான கோச்சுகள் உட்காரவைத்துவிடுவார்கள். ஐந்தாவது ஃபவுலில் ஆட்டத்தை விட்டே வெளியே.

பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணையில்) பார்க்க வேண்டியது: எதிரணியின் ஃப்ரீ த்ரோ முயற்சிகளை அவர்களின் ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் ஊடே போடும் ஷாட்) முயற்சிகளால் வகுங்கள். மூன்றில் ஒரு பங்கு வழக்கம். இரண்டில் ஒரு பங்கை நெருங்கினால் டிஃபென்ஸ் கால்களால் அல்ல, கைகளால் ஆடுகிறது.

கேம்பல்_மாடி:
அட்டாக்கில் பெரிய குறை தெரியவில்லை. கராபன், மெக்நீலி, சோலோ பால் மூவரும் வெளியிலிருந்து போடக்கூடியவர்கள். மெம்ஃபிஸ் ஆட்டத்தை ஓவர்டைமுக்குக் கொண்டுபோனதே சோலோ பாலின் மூன்று புள்ளி ஷாட்தான். 2024-25இல் டியாராதான் முதல் பாயின்ட் கார்ட். அதற்கு முந்தைய சீசனில் பெஞ்சிலிருந்து வந்தவர். அவர் ஓய்வெடுத்த நிமிடங்களில் பந்தைக் கொண்டுவர நம்பிக்கையான ஆள் அப்போது அமையவில்லை.

மூன்றடி_கோடு:
மௌயிக்குப் பின் பேய்லரை 76-72, டெக்சாஸை 76-65, டிசம்பர் 14 மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கொன்சாகாவை 77-71 என வென்றார்கள். கொன்சாகாவுக்கு எதிராக மெக்நீலி மட்டும் 26. புதுமுகத்துக்கு இது பெரிய ஆட்டம். ஆனாலும் பேய்லர் நான்கு புள்ளிக்குள் வந்தது, கொன்சாகா ஆறுக்குள். அந்த சீசனின் பிக் ஈஸ்ட் (யூகான் ஆடும் லீக்) ஆட்டங்களில் கவனிக்க வேண்டியது, ஜான்சனின் இரண்டாவது ஃபவுல் எந்த நிமிடத்தில் விழுந்தது என்பது. 12 நிமிடத்துக்கு முன்பே விழுந்தால் மாற்று சென்டர் டாரிஸ் ரீட் நீண்ட நேரம் ஆட வேண்டிவரும் நிலை. அவருக்கு உடல் கனம் அதிகம், ரிபவுண்டுக்கு நல்லது. ஆனால் ஸ்கிரீன் வரை ஏறி வரும் அதே முறையை அவரிடம் எதிர்பார்ப்பது வீண். அவர் உள்ளே இருக்கும்போது சென்டர் பின்வாங்கி நிற்கும் பழைய முறைக்கே போயிருக்கலாம்.