நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ்: பின்னாடி ஆள், ரெண்டு பக்கமும் பெட்டி, மாசம் ஒரு மதுரை. முதல்ல எதை மாத்தணும்?

கேஆர்புரம்_ரைடர்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2021 கவாசாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ், 17,800 கி.மீ. ஓடியிருக்கு. வார நாள்ல பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக். மாசம் ஒரு தடவை ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல் வழியா மதுரை. மனைவி பின்னாடி, ரெண்டு பக்கமும் பெட்டி. வாய்ப்பு கிடைச்சா ஏற்காடு. நான் 78 கிலோ, மனைவி 58, பெட்டிகள் சாமானோட 14.

தனியா ஓட்டும்போது குறையே இல்லை. ரெண்டு பேரா ஏறினா வேற வண்டி மாதிரி ஆயிடுது. கொண்டை ஊசி வளைவுல முன்பக்கம் லேசாகி வெளிய தள்ளுது. ஸ்பீடு பிரேக்கர் இறங்கினதும் பின்பக்கம் ரெண்டு தடவை ஊஞ்சலாடுது, சில இடத்துல 'டக்'குனு அடிமட்டம் தட்டுது. லோ பீம்ல போனாலும் எதிர்ல வர்றவங்க ஹெட்லைட் அடிச்சுக் காட்டுறாங்க. பின் டயர் நடுவுல பலகை மாதிரி தேய்ஞ்சிருக்கு. மெதுவா உருட்டினா செயின்ல கரகர சத்தம், ஒரு இடத்துல மட்டும் இறுகுது.

ஒரு லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம்னு இருக்கேன். விலை கூடின பின் ஷாக், டாப் பாக்ஸ், ஸ்லிப்-ஆன் சைலன்சர், டயர்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எந்த வரிசையில போகலாம்?

டார்க்_ரெஞ்ச்:

ஷாக் வாங்குற காசை இப்போதைக்கு அப்படியே வைங்க சகோ. வெளிய தள்ளுறது, அடிமட்டம் தட்டுறது, ஹெட்லைட் மேல போறது மூணும் ஒரே நோய். பாரம் ஏறினதும் பின்பக்கம் உட்கார்ந்துடுது. பின்பக்கம் இறங்கினா முன் ஃபோர்க் இன்னும் சாயும், திருப்புறது மந்தமாகும். ஷாக்குக்கு மிச்சமிருக்கிற நகர்வும் குறையும், அதனால சின்ன மேட்டுக்கே தட்டும்.

எவ்வளவு உட்காருதுன்னு அளக்காம எந்தப் பாகமும் வாங்காதீங்க. இந்த அளவைத்தான் ஸேக் என்கிறோம். மூணு பேர், ஒரு டேப், சமமான பார்க்கிங் தரை போதும்.

பின் ஆக்சிலுக்கு நேர் மேல, வால் ஃபேரிங்ல ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்க. பின்சக்கரம் தரையை விட்டு இம்மி எழும்புற வரைக்கும் ரெண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கணும். ஆக்சில் மையத்திலிருந்து கோடு வரைக்கும் அளந்து எழுதுங்க. பேடக் ஸ்டாண்டுல (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துற தாங்கி) ஏத்தி இதை அளக்கக் கூடாது. ஸ்டாண்டு பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்மைத்தான் தாங்குது, ஸ்பிரிங் விரியவே விரியாது. பெரும்பாலும் தப்பு நடக்குறது இங்கதான்.

அடுத்து முழு ரைடிங் கியரோட ஏறி உட்கார்ந்து, ரெண்டு காலும் ஃபுட்பெக்ல. ஒருத்தர் முன்னாடி பிடிச்சுக்கட்டும். பின்பக்கத்தை அமுக்கி மெதுவா விட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவா இறக்கி இன்னொரு அளவு. உராய்வால ரெண்டும் ஒத்துப்போகாது, சராசரியை எடுங்க. சக்கரம் தரையை விட்டு எழும்பினப்போ எடுத்த முதல் அளவிலிருந்து சராசரியைக் கழிச்சா உங்க ஸேக். இதையே மனைவி, பெட்டியோட ஒரு தடவை. ரெண்டு தனித்தனி அளவையும் இங்க போடுங்க, சராசரியை மட்டும் போடாதீங்க. காரணம் பிறகு சொல்றேன்.

இந்த வண்டியில பின்சக்கர நகர்வு 144 மி.மீ., முன்பக்கம் 120. பின்னாடி தனியா 35-லிருந்து 40, ரெண்டு பேரோட 48 பக்கத்துல, அதாவது மூணுல ஒரு பங்கு. முன்னாடி 30-லிருந்து 35. சீட்டுக்குக் கீழ பக்கவாட்டுல இருக்கிற ப்ரீலோட் குமிழ் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது) இதுக்குத்தான். ஸ்பானர் வேண்டாம், கையாலயே திருகலாம். ஒண்ணு மனசுல வைங்க: ப்ரீலோட் கூட்டினா ஸ்பிரிங் கடினமாகாது, வண்டி நிக்கிற உயரம்தான் ஏறும். குமிழை முழுக்கத் திருகியும் ரெண்டு பேரோட 50-க்குக் கீழ வரலைன்னா உங்க எடைக்கு ஸ்பிரிங் மென்மை. அப்போ ஸ்பிரிங் அல்லது ஷாக் பத்திப் பேசலாம்.

ஊஞ்சல் ஆடுறது ரீபவுண்ட் குறைவு. அமுங்கின ஸ்பிரிங் திரும்பி வர்ற வேகத்தை அடக்குறது ரீபவுண்ட் திருகு. ப்ரீலோட் கூட்டினா ஸ்பிரிங் பலமா உதைக்கும், அதனால ரீபவுண்டையும் கொஞ்சம் கூட்டணும். முதல்ல திருகை முழுக்க உள்ள போகிற வரைக்கும் மெதுவா திருகி, இப்ப எத்தனை சுத்துல இருக்குன்னு எண்ணி எழுதிட்டு, அதே இடத்துக்குத் திரும்ப விடுங்க. அங்கிருந்து கால் சுத்து கால் சுத்தா உள்ள. அதே ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கிப் பாருங்க. ஒரு தடவை எழும்பி நின்னா சரி. மிஞ்சிப் போனா வரிசையா வர்ற ரம்பிள் ஸ்ட்ரிப்ல ஷாக் விரிய நேரம் கிடைக்காம ஒவ்வொண்ணுக்கும் கீழ இறங்கிக்கிட்டே போகும். முதுகுல சுத்தியல் அடி மாதிரி தெரியும். ஒரு நேரத்துல ஒரே ஒரு திருகுதான்.

ஹெட்லைட்டை உயரம் சரியான பிறகு, ரெண்டு பேரும் உட்கார்ந்த நிலையில சுவர்ல அடிச்சுப் பார்த்து இறக்குங்க. இப்பவே தொட்டா ரெண்டு தடவை வேலை.

செயின்_ஸ்பிராக்கெட்:

சஸ்பென்ஷன் சேதியை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். டயருக்கும் செயினுக்கும் வருகிறேன்.

ஓசூரிலிருந்து மதுரை வரை நேர்ச்சாலை என்பதால் டயர் நடுவில் தட்டையாவது எதிர்பார்த்ததே. உள்ளங்கையை டயரின் குறுக்கே, நடுவிலிருந்து ஓரமாக வருடிப் பாருங்கள். தட்டை முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு விரலில் இடறும். வளைவில் சாய்க்கும்போது வண்டி அந்த விளிம்பில் ஒரு கணம் தயங்கி, பிறகு தடாலென்று விழும். நீங்கள் சொல்லும் 'தள்ளல்' இதிலும் கொஞ்சம் உண்டு.

அளவை மாற்றாதீர்கள்: முன் 120/70-17, பின் 190/50-17. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே மாடலாக. நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் சேர்ந்த ஸ்போர்ட் டூரிங் வகைதான் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தும்: மிச்செலின் ரோடு 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, மெட்ஸெலர் ரோட்டெக் 01 எஸ்இ. வாங்குமுன் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம். வால்வையும் அன்றே புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

காற்று முன் 36, பின் 42 பிஎஸ்ஐ. வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. சொந்த கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்க் காட்டுவதை அடுத்த பங்க் காட்டாது. விடியற்காலை பெங்களூரில் நிரப்பிய டயர் நண்பகல் கரூர் வெயிலில் நிற்கும்போது சில பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை காற்றுக் குறைந்த டயரில் கிளம்புவீர்கள்.

செயினில் ஒரு இடத்தில் மட்டும் இறுக்கம் என்றால் சில இணைப்புகள் காய்ந்து விறைத்திருக்கின்றன, அல்லது செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, 90 கியர் ஆயிலோ செயின் லூபோ உள்பக்கமாக விட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷும் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். அது போனால் உள்ளே அடைத்த கிரீஸும் போய்விடும். பிறகு தேய்மானத்தை அளங்கள். செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களை எண்ணி, முதல் பின் மையத்திலிருந்து 21-ஆம் பின் மையம் வரை. 525 செயின் புதிதில் 317.5 மி.மீ. 323-ஐத் தொட்டால் ஆயுள் முடிந்தது. மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிக நீண்டதைக் கணக்கில் கொள்ளுங்கள். மாற்றினால் 15 பல் முன் ஸ்பிராக்கெட், 41 பல் பின் ஸ்பிராக்கெட், செயின் மூன்றும் ஒரே செட்டாக. பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் தேயும். சக்கரம் கழன்றிருக்கும்போதே பின் ஹப்புக்குள் இருக்கும் டேம்பர் ரப்பர்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லூசாக ஆடினால் டிராஃபிக்கில் ஆக்சிலரேட்டர் திறந்து மூடும்போதெல்லாம் செயினுக்கு அடி.

தொய்வை ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின்படி, மிக இறுக்கமான இடத்தில் வையுங்கள். பிறகு இருவரும் பெட்டியோடு உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சான பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் உச்சகட்ட இறுக்கம். அப்போதும் விரலுக்குக் கொஞ்சமாவது ஆட வேண்டும். இல்லையென்றால் அந்த இழுப்பு முழுதும் கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டு, அதன் பேரிங், ஆயில் சீல் மீது விழும். மழையில் ஓடி வந்தால் அன்றிரவே, செயின் சூடு ஆறுவதற்குள் லூப்.

அல்சூர்_ஸ்பேனர்:

டாப் பாக்ஸ் பத்தி யாரும் சொல்லலை. தயவுசெஞ்சு கடைசியா வைங்க. பக்கப் பெட்டி பின் ஆக்சிலுக்குப் பக்கத்துலயே, தாழ்வா உட்காருது. டாப் பாக்ஸ் ஆக்சிலுக்குப் பின்னாடி, உயரத்துல நிக்குது. அங்க வைக்கிற 5 கிலோ முன்சக்கரத்திலிருந்து பாரத்தைத் தூக்கிடும். உங்க புகாரே முன்பக்கம் லேசாகுதுன்னுதான். மழைக்கோட்டு, தண்ணி பாட்டில் மாதிரி லேசானதுக்கு மட்டும் அது. டூல், பவர் பேங்க், செருப்பெல்லாம் பக்கப் பெட்டியில அடியில.

சைலன்சரை விடுங்க. சத்தம் கூடினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல அபராதம், மதுரை வரைக்கும் பின்னாடி உட்கார்றவங்களுக்குத் தலைவலி.

அந்தக் காசுல பிரேக் வேலையைப் பாருங்க. 2021 வண்டி, பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மாத்தின தேதி பில்லுல இல்லைன்னா மாத்தலைன்னே வைங்க. டாட் 4, சீல் பிரிக்காத சின்ன டப்பா. டாட் 5 சிலிக்கான் வகை, பேரு ஒத்துப்போகுதேன்னு ஊத்திடக் கூடாது. ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும். ரெண்டு பேரோட ஏற்காட்டு 20 கொண்டை ஊசியும் இறங்கி வரும்போது லீவர் பஞ்சு மாதிரி உள்ள போறது இதனாலதான். இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜினைப் பிடிக்க விடுங்க. பேடு கழட்டும்போது பிஸ்டனைச் சுத்தி அழுக்கைத் துடைக்காம உள்ள தள்ளாதீங்க, சீல் கிழியும்.

கேஆர்புரம்_ரைடர்:

எல்லாருக்கும் நன்றி. அளந்துட்டேன்.

பின்பக்கம், குமிழ் முழுக்க வெளிய: தனியா அமுக்கி விட்டா 49, தூக்கி விட்டா 39, சராசரி 44. ரெண்டு பேர், பெட்டியோட 73, 63, சராசரி 68. குமிழை முழுக்க உள்ள திருகினா ரெண்டு பேரோட 49. முன்பக்கம் தனியா 37.

செயின் அதிகபட்சம் 322. செட்டா மாத்திடறேன். பிரேக் ஆயில் மாத்தின பில் இல்லை, அதையும் சேர்த்தாச்சு. டயர் ஜோடி ஆர்டர் பண்ணிட்டேன். ஷாக் வேணுமா?

டார்க்_ரெஞ்ச்:

வேண்டாம் சகோ. 68-ன்னா மொத்த நகர்வுல பாதியை உட்கார்ந்தே தின்னுட்டீங்க, அதான் தட்டுச்சு. முழுக்கத் திருகினா 49, எல்லைக்குள்ள வந்துடுது. ஸ்பிரிங் உங்க எடைக்குத் தாங்கும். தனியா ஓட்டும்போது 38 வர்ற இடத்தைக் கண்டுபிடிச்சு, முழு வெளியிலிருந்து எத்தனை கிளிக்னு எண்ணி, சீட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க. ஊர் கிளம்பும்போது முழுசா உள்ள, ரீபவுண்ட் கால் சுத்து கூட்டி. வந்ததும் பழைய எண்ணுக்கு. மறந்து அப்படியே விட்டா திங்கக்கிழமை டிராஃபிக்ல பின்பக்கம் கட்டை மாதிரி குதிக்கும். முன்பக்கம் 37-ஐ 34 ஆக்க ஃபோர்க் ப்ரீலோடைக் கொஞ்சம் உள்ள திருகுங்க, ரெண்டு காலும் ஒரே அளவு.

இப்ப அந்தத் தனித்தனி அளவுக்கு வர்றேன். 73-க்கும் 63-க்கும் நடுவுல 10 மி.மீ. தனியாவும் அதே 10. நல்லா இருக்கிற லிங்கேஜ்ல இது 5-ஐத் தாண்டக் கூடாது. ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவுல இருக்கிற லிங்கேஜ் பேரிங் காய்ஞ்சிருக்கு. வாட்டர் வாஷ்ல கீழிருந்து அழுத்தமா பீச்சி அடிச்சா சீலைத் தாண்டித் தண்ணி போகும், கிரீஸ் வெளிய வரும், ஊசி பேரிங் துருப்பிடிக்கும். இந்த நிலையில லட்ச ரூபா ஷாக் மாட்டினாலும் துருப்பிடிச்ச பேரிங் வழியாத்தான் வேலை செய்யணும்.

டயர், செயின் மாத்த சக்கரம் கழட்டுற அன்னைக்கே இதையும் பண்ணச் சொல்லுங்க. வண்டியை ஃபிரேம்ல தாங்கணும். பேடக் ஸ்டாண்டு ஸ்விங் ஆர்மைப் பிடிக்கிறதால ஆகாது. போல்ட்டைச் சுத்தியலால அடிச்சு எடுக்காம, ஸ்விங் ஆர்மை லேசா ஏத்தி இறக்கி பாரம் போற இடத்துல கையால உருவணும். பேரிங்குக்குள்ள இருக்கிற ஸ்லீவ்ல (உள்குழாய்) பழுப்புக் கோடு விழுந்திருந்தா ஸ்லீவும் பேரிங்கும் புதுசு. இல்லைன்னா டீசல்ல கழுவி, தண்ணி தாங்குற லித்தியம் கிரீஸை ஊசிகளுக்கு நடுவுல விரலால நிரப்பி, சீல் உதடு மடங்காம திருப்பிப் போடணும். இறுக்குறது மேனுவல் சொல்ற டார்க்ல, டார்க் ரெஞ்சால. முடிஞ்சதும் ஸேக் திரும்ப அளங்க, ரெண்டு மூணு மி.மீ. மாறியிருக்கும். கிளிக் எண்ணிக்கையை ஸ்டிக்கர்ல எழுதுறது அதுக்கப்புறம்.