ரோமைத் தனியாகச் சுற்றிவிட்டுக் கப்பலுக்குத் திரும்ப நேரம் போதுமா?

கேள்வி: முதல் தடவையாகக் குரூஸ் போகிறோம். சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நிற்குமாம். கப்பல் ஏற்பாடு செய்யும் டூரில் சேராமல் நாங்களே ரோமுக்குப் போய் வரலாமா?

பதில் 1: தாராளமாகப் போகலாம், ஆனால் ரோம் அங்கிருந்து 70, 80 கிலோமீட்டர், ரயிலிலேயே ஒரு மணி நேரம் போல ஆகும், அதனால் கொலோசியமா வாடிகனா என்று ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். வாடிகன் என்றால் சான் பியெத்ரோ ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம், அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

பதில் 2: கப்பல் கிளம்பும் நேரத்தை நம்பாதீர்கள், எல்லோரும் ஏறவேண்டிய நேரம் அதற்கு முன்பே முடிந்துவிடும். நாங்கள் அதற்கும் இரண்டு மணி நேரம் முன்னால் திரும்பிவிடுவோம். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது! அப்புறம், பாஸ்போர்ட்டும் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும்.

கேட்டவர்: சரி, வாடிகன்தான். மிக்க நன்றி.