உதவி: லீக்கில் வயசான ஆட்டக்காரர்களை எப்படி வரிசைப்படுத்துவது? அவசரம்

சுங்கைசிப்புட்_12 (மாலை 5.40)

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நண்பர்கள் சேர்ந்து கணினியில் ஆடும் எங்கள் கூடைப்பந்து லீக்கில் பருவம் முடிந்ததும் சிறந்த மூத்த ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் என்று ஒரு பட்டியல் போடுவோம். இந்த முறை என் பொறுப்பு. வரிசை சரியாகவே வரமாட்டேன் என்கிறது. ஓவிஆர் (ஆட்டக்காரரின் மொத்தத் தர எண்) வைத்து அடுக்கினால், பருவம் முழுக்க அணியைத் தூக்கி நிறுத்திய 36 வயது சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான ஆள்) ஒன்பதாம் இடத்துக்குப் போகிறார். புள்ளிவிவரம் வைத்து அடுக்கினால் யாருமே கேள்விப்படாத ஒருவர் முதலிடத்தில் வந்து நிற்கிறார். எதைப் பார்த்து அடுக்குவது? இரவு 9 மணிக்கு மாமாக் கடையில் எல்லாரும் கூடுகிறோம், அதற்குள் வேண்டும். இங்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வந்தால் லைன் போய்விடும். சீக்கிரம் சொல்லுங்கள்.

மூணு_புள்ளி (5.52)

முதலில் எந்த விளையாட்டு என்று சொல் தம்பி. அணியை நிர்வகிக்கும் பாஸ்கெட்பால் ஜிஎம்மா, என்பிஏ 2கே விளையாட்டில் வரும் மைலீக்கா? ஓவிஆர் இரண்டிலும் உண்டு. அப்புறம் எத்தனை வயதுக்கு மேல் உங்களுக்கு மூத்தவர்? எந்தப் புள்ளிவிவரத்தை வைத்து அடுக்கினாய்?

செம்பனைக்காடு (5.58)

இவ்வளவு கேள்வி வேண்டாம். உயரத்தைப் பார், போதும். வயதானால் வேகம் குறையும், தாவல் குறையும், மூச்சு வாங்கும். உயரம் மட்டும் குறையாது. நான் பல பருவமாக 34 வயதுக்கு மேல் சென்டர்களைத் தவிர யாரையும் வாங்குவதில்லை. உன் 36 வயது சென்டர்தான் முதலிடம். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பழைய_பெஞ்ச் (6.03)

இந்தக் கேள்வி இங்கே பல முறை வந்து போனது. தேடிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். 'சிறந்த' என்றால் எதில்? முடிந்த பருவத்தில் அதிகம் சாதித்தவரா, அடுத்த பருவத்துக்கு அணியில் வைத்துக்கொள்ளத் தக்கவரா, வாழ்நாள் முழுவதும் நன்றாக ஆடியவரா? மூன்றுக்கும் மூன்று தனிப் பட்டியல். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பட்டியல் போடும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது. லீக் நடத்துகிற எல்லாரும் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று நான் முன்பே எழுதியிருக்கிறேன்.

கணக்கு_அக்கா_ஈப்போ (6.07)

தம்பிக்கு 9 மணிக்குள் பதில் வேண்டும், பாடம் அப்புறம் நடத்தலாம். பழைய பெஞ்ச் கேட்ட கேள்வி மட்டும் நல்ல கேள்வி, அதற்குப் பதில் சொல் தம்பி. முதலில் வந்து நிற்கிற அந்த ஆள் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஆடியிருக்கிறார் என்றும் பார்.

சுங்கைசிப்புட்_12 (6.15)

பாஸ்கெட்பால் ஜிஎம்தான், மறந்துவிட்டேன். லீக்கைச் சேமித்த ஒரே கணினிக் கோப்பினை வாட்ஸாப்பில் கைமாற்றி ஆளுக்கு ஓர் அணி வைத்து ஆடுகிறோம். 33 வயதும் அதற்கு மேலும் இருந்தால் மூத்தவர். முடிந்த பருவத்துக்கான பட்டியல்தான். 'பெர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை வைத்து அடுக்கினேன். அந்த ஆள் ஆட்டத்துக்கு 4 நிமிடம்தான் ஆடியிருக்கிறார். கோப்பு இப்போது ப்ரீசீசனில் (அடுத்த பருவம் தொடங்குவதற்கு முந்தைய கட்டம்) நிற்கிறது.

கணக்கு_அக்கா_ஈப்போ (6.22)

அதுதான் காரணம். பெர் என்பது ஜான் ஹோலிஞ்சர் உருவாக்கிய அளவு. லீக்கின் சராசரி எப்போதும் 15 என்று வருகிற மாதிரி அமைத்திருப்பார். அது ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு செய்தார் என்று சொல்லும், எத்தனை நிமிடம் செய்தார் என்று சொல்லாது. நாலு நிமிடம் வந்து இரண்டு பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போகிறவருக்கு அது ஏறத்தான் செய்யும்.

புள்ளிவிவரப் பக்கத்தில் வடிகட்டும் பெட்டியைத் திற. நிமிடக் கட்டத்தின் கீழே >20 என்று அடி. வயதுக் கட்டம் இருந்தால் அதில் >32. இப்போது பெர் வைத்து அடுக்கிப் பார், அந்த ஆள் காணாமல் போவார். அதைவிட நல்லது 'வி.ஓ.ஆர்.பி' கட்டம். மாற்று ஆளாக எளிதில் கிடைக்கிற ஒருவரைவிட இவர் எவ்வளவு அதிகம் தந்தார் என்பதை, ஆடிய நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு அது. மூத்தவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். ஏனென்றால் 35 வயதுக்கு மேல் பருவம் முழுக்கக் களத்தில் நிற்பதே ஒரு திறமை. இந்த விளையாட்டிலும் வயது ஏற ஏறக் காயம் அதிகமாக வரும்.

போடுகிற திறனைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் விழுக்காட்டை மட்டும் பார்க்காதே. எடுத்த புள்ளிகளை, எறிந்த எறிகளோடு தனி எறிகளில் 0.44 பங்கைக் கூட்டி, அதன் இரு மடங்கால் வகு. மூன்று புள்ளி எறியும் கார்டையும் கூடைக்குக் கீழே நின்று போடும் சென்டரையும் ஒரே தராசில் வைக்க இது வேண்டும்.

மூணு_புள்ளி (6.29)

ப்ரீசீசன் என்று சொன்னாயே, உன் ஓவிஆர் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்களின் தரம் ஏறுவதும் இறங்குவதும் ப்ரீசீசனுக்குள் நுழையும்போதுதான் நடக்கும். இப்போது உன் திரையில் இருப்பது அடுத்த பருவத்தின் உடம்பு. முடிந்த பருவத்தில் ஆடிய உடம்பு இது இல்லை. 36 வயது சென்டருக்கு இந்தக் கோடையில் தரம் இறங்கியிருக்கும், அதனால்தான் ஒன்பதாம் இடம்.

தரப் பக்கத்தின் மேலே பருவம் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அதில் முடிந்த பருவத்துக்கு மாற்று. அதன் பிறகு அடுக்கு. வேண்டுமானால் அவர் பெயரைத் தட்டினால் பருவவாரியாகத் தரம் வரும், எவ்வளவு இறங்கினார் என்று தெரியும்.

இன்னொன்று. பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) முடிந்ததும் சிலர் ஓய்வு பெற்றுவிடுவார்கள். அவர்களை விட்டுவிட்டாயா என்று பார். நன்றாக ஆடிவிட்டு ஓய்வு பெற்றவரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது அநியாயம்.

கிந்தா_கார்டு (6.41)

செம்பனைக்காடு சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உயரம் குறையாது, சரி. அதற்காகச் சென்டர் மட்டும்தான் தாங்குவார் என்று ஆகாது. முதலில் போவது கால்கள். தாவல், வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, இந்த வரிசையில் போகும். எறியும் கையும் ஆட்டத்தைப் படிக்கிற மூளையும் கடைசிவரை இருக்கும். இந்த விளையாட்டும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, நிஜமும் அப்படித்தான்.

நிஜத்தில், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடிய வின்ஸ் கார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் டங்க் (தாவிப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது) போட்டியில் ஜெயித்தவர். கால் போன பிறகு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தே 22 பருவம் ஆடினார். ஜான் ஸ்டாக்டன் 41 வயதைத் தொட்ட தன் கடைசிப் பருவமான 2002-03-ல் 82 ஆட்டங்களிலும் ஆடினார். அவர் கார்டுதான் (வெளியே நின்று பந்தை நடத்துபவர்), உயரமும் லீக்கில் குறைவுதான்.

செம்பனைக்காடு (6.48)

கரீம் அப்துல் ஜப்பாரை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1985 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கும்போது அவருக்கு 38 வயது. 42 வயது வரை ஆடினார். ராபர்ட் பேரிஷ் 1997-ல் சிகாகோ அணியோடு கோப்பை வாங்கும்போது 43. எல்லாரும் சென்டர்கள். உயரம்தான் காப்பாற்றியது.

கிந்தா_கார்டு (6.55)

கரீமைக் காப்பாற்றியது அந்த ஸ்கைஹுக். தலைக்கு மேலே கை நீட்டி எறிவதற்குப் பெரிய தாவல் வேண்டாம். அதுவும் எறியும் திறன்தான், நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். ஆனாலும் கடைசிப் பருவத்தில் அவர் சராசரி 10.1 புள்ளிதான்.

லெப்ரோன் ஜேம்ஸைப் பாருங்கள். முதல் பருவத்தில் மூன்று புள்ளி எறிகளில் 29 விழுக்காடு. 2023-24-ல், 39 வயது தொடும்போது, 41 விழுக்காடு. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 25.7 புள்ளி. கரீமின் 38,387 புள்ளியை 2023 பிப்ரவரி 7-ல் தாண்டினவரும் அவர்தான். இந்த விளையாட்டில் ஒரு 39 வயது ஆள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. வயதானவர்களை விளையாட்டு ரொம்பக் கடுமையாகத் தேய்க்கிறது.

பழைய_பெஞ்ச் (7.02)

ஒருவரை வைத்து விதி எழுதக் கூடாது. 38 வயதில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை மட்டும் பார்த்தால் வயது யாரையும் ஒன்றும் செய்யாதது போலத்தான் தெரியும். 33 வயதில் ஒப்பந்தம் கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் உங்கள் கணக்கில் வரவே இல்லை. விளையாட்டு அவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது, அதனால் கடுமையாகத் தெரிகிறது. கார்ல் மலோன் 1999-ல் 35 வயதில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அவரைப் போல எத்தனை பேரை உங்களால் சொல்ல முடியும்?

வயதுக்கோட்டை என்பிஏ லீக் நிர்வாகமே எங்கே வைத்திருக்கிறது என்று தெரியுமா? நீண்ட ஒப்பந்தங்களுக்கான வயது விதி முன்பு 36 என்று இருந்தது, 2017 ஒப்பந்தத்தில் 38 என்று மாற்றினார்கள். நிஜத்தில் உடற்பயிற்சி, மருத்துவம் எல்லாம் முன்னேறியிருக்கிறது. விளையாட்டில் அந்த முன்னேற்றத்துக்குப் பதிலாகப் பயிற்சியாளர் செலவு இருக்கிறது. அதில் காசு போடுகிற அணியில் மூத்தவர்கள் மெதுவாகத் தேய்வார்கள். காசு போடாமல் விளையாட்டைக் குறை சொல்லாதீர்கள்.

கிந்தா_கார்டு (7.06)

எல்லா அணிக்கும் காசு இருக்காது அண்ணே. சின்ன ஊர் அணியை எடுத்து ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வருமானம் இல்லாத அணிக்கு மலிவாகக் கிடைப்பதே மூத்தவர்கள்தான்.

லிந்தாங்_ரோடு (7.15)

சண்டை வேண்டாம். நானும் சுங்கை சிப்புட்தான். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் கூடைப்பந்துத் திடல் கிடையாது, காற்பந்து மட்டும்தான். பட்டணத்துச் சீனப்பள்ளித் திடலில் சாயங்காலம் போய் ஆடிக் கற்றுக்கொண்டோம். அங்கே வருகிறவர்களில் ஐம்பதை நெருங்கிய ஒரு அங்கிள் இருந்தார். வேகமாக ஓட மாட்டார். ஆனால் பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்பே தெரியும், விழுகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். இளைஞர்கள் எல்லாரும் அவரைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் பார்ப்பார்கள். அதனால் கிந்தா கார்டு சொல்கிற மூளைக் கணக்குக்கு என் ஓட்டு. விளையாட்டில் தாக்குதல் அறிவு, தற்காப்பு அறிவு என்று இரண்டு கட்டம் உண்டு. சமமாக இருக்கிற இரண்டு மூத்தவர்களில் யாரை மேலே போடுவது என்று குழம்பினால் அந்த இரண்டையும் பார்.

செம்பனைக்காடு (7.19)

அந்த அங்கிள் எவ்வளவு உயரம்?

லிந்தாங்_ரோடு (7.24)

உயரம்தான்.

செம்பனைக்காடு (7.25)

சரி, என் பேச்சு முடிந்தது.

கணக்கு_அக்கா_ஈப்போ (7.40)

நீங்கள் இரண்டு பேரும் சொல்வது அடுத்த பருவத்துக்கு யார் தாங்குவார் என்பது. தம்பி கேட்டது முடிந்த பருவம். முடிந்த பருவத்துக்கு உயரமும் வேண்டாம், மூளையும் வேண்டாம், செய்து காட்டியதுதான் கணக்கு. தம்பி, இருக்கிறாயா? வடிகட்டியாகிவிட்டதா?

மூணு_புள்ளி (8.05)

மழை போலிருக்கிறது. தம்பி வந்து பார்த்தால் படிக்கட்டும், நான் நினைக்கிற வரிசை முறையை எழுதி வைக்கிறேன். முடிந்த பருவத்தின் பக்கத்துக்குப் போ, 33-ம் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எடு, நிமிடம் குறைவானவர்களை நீக்கு, வி.ஓ.ஆர்.பி வைத்து அடுக்கு. அது முதல் வரிசை. பிறகு பிளேஆஃபில் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று தனியாகப் பார்த்து, ஓர் இடம் மேலே அல்லது கீழே நகர்த்தலாம், அதற்கு மேல் நகர்த்தாதே. ஓவிஆர் பக்கத்தில் இருக்கட்டும், அடுக்குவதற்கு அது வேண்டாம். தரம் 50 இருக்கிற ஒருவர் நல்ல அணியில் சரியான இடத்தில் நின்று 60 இருக்கிறவரைவிட அதிகம் கொடுப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மூத்தவர்களிடம் அது அதிகம் நடக்கும்.

பழைய_பெஞ்ச் (8.11)

பிளேஆஃப் ஆட்டங்கள் மிகக் குறைவு. அதை வைத்து நகர்த்துவதே தவறு.

மூணு_புள்ளி (8.14)

ஓர் இடம்தானே அண்ணே சொன்னேன். 36 வயதில் பிளேஆஃபில் நின்று ஆடியவருக்கு அந்த மரியாதை கூட இல்லையென்றால் மூத்தவர் பட்டியல் எதற்கு?

பழைய_பெஞ்ச் (8.20)

மரியாதை செய்ய வேண்டுமானால் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். வரிசை வரிசையாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை வேறு யாராவது போடும்போது அதே முறையில் அதே வரிசை வர வேண்டும், இல்லையென்றால் பருவத்துக்குப் பருவம் ஒப்பிட முடியாது.

கணக்கு_அக்கா_ஈப்போ (8.26)

இதில் பழைய பெஞ்ச் பக்கம்தான் நான். முறையை எழுதி வைத்து எல்லாருக்கும் காட்டிவிட்டால் மாமாக் கடையில் பாதிச் சண்டை குறையும்.

சுங்கைசிப்புட்_12 (மறுநாள் காலை 10.30)

லைன் இப்போதுதான் வந்தது. மழைக்கு முன்னால் 6.29 வரைக்கும் படித்துவிட்டேன், அதுவே போதுமானதாக இருந்தது. முடிந்த பருவத்துக்கு மாற்றினேன், நிமிடத்தை வடிகட்டினேன், வி.ஓ.ஆர்.பி வைத்து அடுக்கினேன். சென்டர் இரண்டாம் இடம். முதலிடம் 34 வயது கார்டு. ஓய்வு பெற்ற ஒருவர் ஐந்தாம் இடத்தில் வந்தார், அவரைச் சேர்த்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். சென்டரை வைத்திருக்கிற நண்பன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கும் மூணு புள்ளி அண்ணனுக்கும் நன்றி. வேலைக்குக் கிளம்புகிறேன்.

செம்பனைக்காடு (10.44)

அந்த 34 வயது கார்டு எவ்வளவு உயரம் தம்பி?

கிந்தா_கார்டு (11.02)

முழுப் பட்டியலையும் இங்கே போடு தம்பி, மூன்று புள்ளி விழுக்காட்டோடு.